குன்னூர்க் கல்யாணமும் ஊட்டிப் பட்டியலும்

வணக்கம் ஐயா. தை மாதம் என் மகனுக்குக் குன்னூரில் கல்யாணம். பெண் வீட்டார் அந்த ஊர்க்காரர்கள். கும்பகோணத்திலிருந்து ஒரு பஸ், இரண்டு வேனில் வருகிறோம். காலையில் முகூர்த்தம். அன்று மத்தியானத்துக்கு மேல் வேலை ஒன்றும் இல்லை. மறுநாள் மத்தியானம்தான் கிளம்புகிறோம். ஊட்டி ஏரி, பொட்டானிக்கல் கார்டன், தொட்டபெட்டா, பைக்காரா, டால்பின் நோஸ், கோடநாடு என்று பிள்ளைகள் பட்டியல் போட்டிருக்கிறார்கள். வயதானவர்களும் நிறைய வருகிறார்கள். எதைப் பார்ப்பது, எங்கே சாப்பிடுவது, என்ன வாங்குவது?
செ., கும்பகோணம்

அன்புள்ள அம்மா,

பட்டியலில் முதல் நாலையும் அடித்துவிடுங்கள். ஊட்டி பக்கம்தான், ஆனால் பொங்கலை ஒட்டிய நாளாக இருந்தால் பாதிப் பொழுது சாலையிலேயே போய்விடும். பைக்காரா ஊட்டியையும் தாண்டிப் போக வேண்டும். முகூர்த்தத்துக்காக விடியுமுன் எழுந்து, பந்தியில் உட்கார்ந்து வயிறு நிறையச் சாப்பிட்டவர்களைத் தொட்டபெட்டாவுக்கு ஏற்றினால் உங்களைத்தான் திட்டுவார்கள். குன்னூரை விட்டு நகராமலே உங்கள் ஒன்றரைப் பொழுதும் நிறைந்துவிடும்.

கல்யாணத்தன்று சாயங்காலம் சிம்ஸ் பார்க் போதும். 1874இல் தொடங்கிய பூங்கா. ஒரு விஷயம் மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்: வாசல் மேலே இருக்கிறது, பூங்கா கீழே சரிந்துகொண்டே போகிறது. இறங்கும்போது சுகமாக இருக்கும், திரும்ப ஏறும்போதுதான் முழங்கால் பேசும். பெரியவர்கள் மேலேயே உட்காரட்டும். உள்ளே ருத்ராட்ச மரம் இருக்கிறது, உங்கள் ஊர்ப் பாட்டிகளுக்கு அதைக் காட்டாமல் விடாதீர்கள். எதிரே தெரியும் பழைய கட்டடம் பாஸ்டர் நிறுவனம். வெறிநாய்க்கடிக்குத் தடுப்பு மருந்து செய்த இடம் அது. 1907இலிருந்து இருக்கிறது. ஆறு மணிக்குள் திரும்பிவிடுங்கள், தை மாதக் குளிர் பட்டுப்புடவைக்கு அடங்காது.

மறுநாள் காலையில் கூட்டத்தை இரண்டாகப் பிரியுங்கள். இளசுகள் வேனில் டால்பின் நோஸ் காட்சிமுனைக்குப் போகட்டும். வழியெல்லாம் தேயிலைத் தோட்டம், எதிர்மலையில் கேத்தரின் அருவி. சீக்கிரம் போனால் நல்லது, மூடுபனி ஏறிவிட்டால் வெள்ளைத் திரையைப் பார்த்துவிட்டு வர வேண்டியதுதான். அந்தக் குறுகலான சாலைக்குப் பெரிய பஸ்ஸைக் கொண்டுபோக வேண்டாம்.

பெரியவர்களையும் குழந்தைகளையும் குன்னூர் ரயில் நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள். இதை யாரும் சுற்றுலா இடமாகச் சொல்வதில்லை, எனக்கோ இந்த ஊரிலேயே பிடித்த காட்சி இதுதான். மேட்டுப்பாளையத்திலிருந்து காலையில் கிளம்பும் மலை ரயில் பத்தரை வாக்கில் வந்து சேரும். நீராவி எஞ்சின் பெட்டிகளை முன்னால் இருந்து இழுப்பதில்லை, பின்னால் இருந்து தள்ளிக்கொண்டு வரும். கல்லாறு முதல் குன்னூர் வரை தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை ஓடுகிறது. எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கடித்துக் கடித்து ஏறுகிறது. 1899இல் குன்னூர் வரை வந்த பாதை, ஊட்டியை எட்ட 1908 ஆனது. குன்னூரில் நீராவி எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சின் மாட்டுவார்கள். புகை, விசில், எஞ்சின் மாற்றம் எல்லாம் நடைமேடையில் நின்றே பார்க்கலாம். குன்னூரிலிருந்து ஊட்டிக்கு ஏறிப் போனால் புகை கிடையாது, டீசல்தான். அதையும் குழந்தைகளிடம் சொல்லிவைத்துவிடுங்கள்.

கோடநாடு வேண்டுமென்றால் இன்னொரு தடவை வாருங்கள். ஆனால் ஊர் திரும்பும்போது கோத்தகிரி வழியாக இறங்குங்கள். வேன்காரர்கள் கோத்தகிரி பக்கத்தில் கன்னேரிமுக்கு வரை போய், அந்தக் காலத்தில் கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819இல் கட்டிய பங்களாவைப் பார்த்துவிட்டு வரலாம். நீலகிரியில் வெள்ளைக்காரர் கட்டிய முதல் வீடு அது.

சாப்பாட்டுக்கு நான் ஓட்டல் பெயர் சொல்லப் போவதில்லை. ஒரு பஸ் ஆட்கள் சொல்லாமல் கொள்ளாமல் நுழைந்தால் எந்த ஓட்டலும் திணறும். முதல் நாளே ஆளெண்ணிக்கை சொல்லிவையுங்கள். சம்பந்தி வீட்டில் உரிமையோடு ஒன்று கேட்கலாம்: ஒரு வேளைக்கு, நீலகிரி மலைமக்களான படுகர் வீட்டு அவரைக் குழம்பும் ராகிக் களியும். ஓட்டலில் அது லேசில் கிடைக்காது. அப்புறம், கும்பகோணத்துக்காரர்கள் இங்கே வந்து டிகிரி காபி தேடி அலைய வேண்டாம். டீ குடியுங்கள், கூட வர்க்கி, அதாவது அடுக்கடுக்கான மொறுமொறு பிஸ்கட்.

வாங்குவதற்கும் வர்க்கிதான் சரி. 2023இல் ஊட்டி வர்க்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. விறகு அடுப்பில் வெந்தது என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். கிளம்புகிற அன்று வாங்கி, பைகளுக்கு மேலே வையுங்கள், அடியில் போனால் தூள்தான். சாக்லேட் கரூர் தாண்டுவதற்குள் உருகிவிடும். தேயிலைக்கு, சிறு விவசாயிகளின் கூட்டுறவு நிறுவனமான இன்ட்கோவின் கடைக்குப் போங்கள்.

கடைசியாக இரண்டு. பஸ்ஸுக்கும் வேன்களுக்கும் இ-பாஸ் எடுத்துவிடுங்கள். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வண்டிகளுக்கு அது கட்டாயம். சின்ன தண்ணீர் பாட்டிலும் பிளாஸ்டிக் பையும் மலைக்கு ஏறக் கூடாது, சோதனைச்சாவடியில் பிடுங்கிக்கொள்வார்கள். தாம்பூலப் பை ஆர்டர் கொடுக்காமல் இருந்தால், துணிப்பையாகவே சொல்லிவிடுங்கள்.