சூப்பும் காட்மியமும்

கேள்வி: பல்கலைக்கழகங்களில் சூழலியல் கலை என்று ஒரு படிப்பு வந்திருக்கிறதாம். படம் வரைந்தால் பூமியின் சூடு தணிந்துவிடுமா? ஓவியத்தின் மேல் சூப் ஊற்றவா பட்டம் தருகிறார்கள்? அக்கறை உள்ள பிள்ளைகள் பேசாமல் அறிவியல் படிக்கலாமே?

பதில்: தணியாது. ஆய்வுக் கட்டுரை எழுதினாலும்தான் தணியாது. அதை நிறுத்தச் சொல்லி யாரும் கடிதம் போடுவதில்லை.

சூப் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். 2022 அக்டோபரில் லண்டன் நேஷனல் கேலரியில் வான்கோவின் சூரியகாந்தி ஓவியத்தின் மேல் தக்காளி சூப்பை வீசியது, எண்ணெய் எடுப்பதை எதிர்த்துப் போராடிய 'ஜஸ்ட் ஸ்டாப் ஆயில்' இயக்கம். கண்ணாடி இருந்ததால் படம் தப்பியது. அந்தக் கோபத்தை வகுப்பில் உட்கார்ந்து படிக்கிற பிள்ளைகள் மேல் ஏன் காட்டுகிறீர்கள்?

அறிவியல் படிக்கலாமே என்கிறீர்கள். சரி, படித்த ஒருவரைப் பார்ப்போம். ரூஃபஸ் சேனி, அமெரிக்க வேளாண் துறை விஞ்ஞானி. சில செடிகள் மண்ணில் உள்ள காட்மியம், துத்தநாகம் போன்ற உலோகங்களை வேரால் உறிஞ்சி இலையிலும் தண்டிலும் சேர்த்துக்கொள்ளும். அறுத்து எரித்துவிட்டால் உலோகம் சாம்பலோடு வந்துவிடும், மண் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறும் என்பது அவர் யோசனை. யோசனை இருந்தது, வயல் இல்லை. வயலைக் கொண்டுவந்தவர் மெல் சின் என்கிற கலைஞர். மினசோட்டாவின் செயின்ட் பால் நகரில், நச்சு உலோகம் ஊறிப்போன பிக்ஸ் ஐ குப்பைமேட்டில் இடம் பிடித்தார். கம்பி வேலியால் ஒரு சதுரம், உள்ளே ஒரு வட்டம், குறுக்கும் நெடுக்கும் நடைபாதை, வட்டத்துக்குள் செடிகள். கலைக்கான அரசு நிதி 10,000 டாலர் கிடைத்தது. 'இதில் கலை எங்கே இருக்கிறது' என்ற சந்தேகத்தில் அதையும் நிறுத்திவைத்தார்கள். உங்கள் கேள்விதான்! சின் நேரில் போய் வாதாடி மீட்டார். 1991-ல் நட்டு, அறுத்துச் சோதித்தபோது பென்னிகிரெஸ் என்ற சிறு செடி உலோகத்தை இழுத்திருந்தது. விஞ்ஞானிக்குத் தரவு, கலைஞருக்குப் படைப்பு.

போராட்டமும் சூப்போடு முடிந்துவிடுவதில்லை. 2010-ல் லண்டன் டேட் அருங்காட்சியகம் கலையும் போராட்டமும் பற்றி ஒரு பயிலரங்கம் நடத்தியது. புரவலர்களுக்கு எதிராக மட்டும் எதுவும் கூடாது என்றார்கள். புரவலர்களில் ஒன்று பி.பி. எண்ணெய் நிறுவனம். வந்தவர்களில் சிலர், பி.பி.யின் பணத்தை டேட் கைவிட வேண்டும் என்று 'லிபரேட் டேட்' அமைப்பைத் தொடங்கினார்கள். 2012-ல் பதினாறரை மீட்டர் நீளக் காற்றாலை இறக்கையைத் துண்டு துண்டாகத் தூக்கி வந்து டேட்டின் கூடத்தில் வைத்து, 'எங்கள் அன்பளிப்பு' என்றார்கள். யாருக்கும் கீறல் இல்லை. 26 வருட ஆதரவை முடித்துக்கொள்வதாக 2016-ல் பி.பி. அறிவித்தது. தொழில் நிலவரம் சரியில்லையாம். நம்புகிறவர்கள் நம்பட்டும்.

மாணவர்களிடமும் எனக்கு ஒரு வழக்கு உண்டு. 'பிளாஸ்டிக்கை ஒழிப்போம்' என்று பிளாஸ்டிக் ஃபிளெக்ஸில் அச்சடித்துக் கண்காட்சி வாசலில் கட்டுவது, உருகும் பனிமலையை தெர்மாகோலில் செதுக்கிவிட்டு மறுநாள் குப்பையில் எறிவது... இதற்கு மதிப்பெண் போடுகிற பேராசிரியரைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

கேள்வியின் சூட்டைப் பார்த்தால் உங்கள் வீட்டிலேயே யாரோ விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள் போலிருக்கிறது. பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். மண் பரிசோதனை உண்டா, விஞ்ஞானிகளோடு சேர்ந்து வேலை செய்ய வாய்ப்பு உண்டா, செய்த பொருள் கடைசியில் எங்கே போகிறது என்று யாராவது கணக்குக் கேட்கிறார்களா? ஒன்றுமில்லை, வருடத்துக்கு ஒரு கண்காட்சி மட்டும்தான் என்றால் மறுபடி எழுதுங்கள். சேர்ந்தே திட்டுவோம்.