தட்டம்மை: பெரியவர்களுக்கும் ஊசி வேண்டுமா?

கேள்வி: வயது 36. டெக்ஸாஸில் இருக்கும் தங்கை வீட்டுக்கு மூன்று மாதம் போகிறேன். அங்கே தட்டம்மை பரவிய செய்தியைப் படித்ததிலிருந்து பயமாக இருக்கிறது. சின்ன வயதில் எல்லா ஊசியும் போட்டதாக அம்மா சொல்கிறார், அட்டை தொலைந்துவிட்டது. இடது கையில் தழும்பு இருக்கிறது. அது போதாதா?
— வாசகி, ஈரோடு

பதில்: போதாது. அந்தத் தழும்பு காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசி விட்டது. உங்கள் பெற்றோர் கையில் இருக்கும் பெரிய தழும்பு பெரியம்மைக்குக் குத்தியது. தட்டம்மை ஊசி தழும்பே விடாது.

நீங்கள் பிறந்த ஆண்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நம் நாட்டின் தடுப்பூசித் திட்டத்தில் தட்டம்மை ஊசி 1985-ல் சேர்ந்தது. ஒன்பதாம் மாதத்தில் ஒரே ஒரு தவணை. அந்த வயதில் தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் சில குழந்தைகளின் ரத்தத்தில் மிச்சமிருக்கும். அது ஊசியில் உள்ள கிருமியைச் செயலிழக்கச் செய்துவிடும். அதனால் ஒன்பதாம் மாத ஊசி 100-ல் ஏறக்குறைய 85 பேருக்குத்தான் பிடிக்கும். இரண்டாம் தவணை 2010-ல்தான் திட்டத்துக்குள் வந்தது. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் நடந்த தட்டம்மை - ரூபெல்லா முகாம் 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டும். ஆக, 1985-க்கும் 2002-க்கும் இடையில் பிறந்தவர்களில் பெரும்பாலோர் அதிகபட்சம் ஒரு தவணை போட்டவர்கள். நீங்களும் அந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறீர்கள்.

2025 ஜனவரியில் மேற்கு டெக்ஸாஸில் தொடங்கிய பரவலில் 760-க்கும் மேற்பட்டோருக்கு நோய் கண்டது. இரண்டு குழந்தைகள் இறந்தனர். பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஊசி போட்டதற்கான பதிவு இல்லாதவர்கள். தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் எம்.எம்.ஆர். ஊசியை நீங்கள் இரண்டு தவணை போட்டுக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் இடையில் குறைந்தது 28 நாள் வேண்டும். இரண்டாவது ஊசி முடிந்து இரண்டு வாரம் கழித்துப் பயணம் என்று வைத்தால், ஆறு வாரம் முன்பே தொடங்க வேண்டும். நாள் போதாவிட்டால் ஒன்றையாவது போட்டுவிட்டுக் கிளம்புங்கள். ஏற்கெனவே போட்டிருந்தாலும் கூடுதல் தவணையால் கெடுதல் இல்லை.

மருந்துக் கடையில் வாங்கி, கவரில் போட்டு வண்டியில் மாட்டிக்கொண்டு போகாதீர்கள். இது உயிருள்ள, வீரியம் குறைத்த கிருமி. 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும். வெயிலில் அரை மணி நேரம் அலைந்தால் ஊசி குத்திய வலி மட்டும்தான் மிச்சமாகலாம். குளிர்பதனப் பெட்டி வைத்திருக்கும் மருத்துவமனையிலேயே போடுங்கள். மருந்து தூளாக இருக்கும். கூடவே வரும் கரைப்பானில்தான் கரைக்க வேண்டும், வேறு எந்தத் திரவத்திலும் அல்ல. உங்கள் கண்முன்னே கரைக்கச் சொல்லுங்கள், கரைத்து வைத்து மணிக்கணக்கானதை ஏற்காதீர்கள். அளவு 0.5 மில்லி, மேல்கையின் பின்பக்கம் தோலுக்கடியில். துடைத்த ஸ்பிரிட் காய்ந்த பிறகே குத்த வேண்டும். ஈரமாக இருந்தால் ஸ்பிரிட்டும் கிருமியைக் கொல்லும்.

ஏழாம் நாளிலிருந்து பன்னிரண்டாம் நாளுக்குள் சிலருக்குக் காய்ச்சல், லேசான தடிப்பு வரும். பெண்களில் சிலருக்கு விரல் மூட்டு, முழங்கால் சில நாள் வலிக்கும். அது ரூபெல்லாப் பகுதியின் வேலை.

கேள்வி: நர்சிங் படிக்கிறேன். இரண்டு தவணை எம்.எம்.ஆர். போட்டதற்கு அட்டை இருக்கிறது. பயிற்சிக்காக ரத்தப் பரிசோதனை செய்தால் தட்டம்மை 'நெகட்டிவ்' என்று வந்துவிட்டது. என் உடம்பில் ஊசி வேலை செய்யவில்லையா?
— வாசகி, நாகர்கோவில்

பதில்: வேலை செய்திருக்கும். ஒரு வயதுக்குப் பிறகு போட்ட இரண்டு தவணைக்கு 100-ல் 97 பேர் பாதுகாப்புப் பெறுகிறார்கள். ரத்தத்தில் நீடித்திருக்கும் எதிர்ப்பொருளை அளக்க ஆய்வகங்கள் செய்யும் ஐஜிஜி பரிசோதனை, நோய் வந்து போனவர்களிடம் இருக்கும் அதிக அளவு எதிர்ப்பொருளைச் சுலபமாகக் கண்டுபிடிக்கும். ஊசியால் உண்டாகும் அளவு அதைவிடக் குறைவு. ஆண்டுகள் போகப் போக இன்னும் இறங்கும். கருவி பிடிக்கும் கோட்டுக்குக் கீழே போய்விட்டால் 'நெகட்டிவ்'. ஆனால் கிருமி உள்ளே வந்தால் அதை அடையாளம் கண்டு உடனே எதிர்ப்பொருள் தயாரிக்கும் நினைவுச் செல்கள் அப்படியே இருக்கும். அவற்றை இந்தப் பரிசோதனை அளப்பதே இல்லை. அதனால்தான் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம், தேதியுடன் இரண்டு தவணைப் பதிவு இருந்தால் அதையே ஏற்கச் சொல்கிறது. அதற்குப் பின் வரும் 'நெகட்டிவ்' கணக்கில் வராது.

பரிசோதனைச் சீட்டில் 'ஐஜிஎம்' என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இப்போது நோய் இருக்கிறதா என்று அறிய உதவுவது. ஆரோக்கியமானவருக்கு அது நெகட்டிவாகத்தான் வர வேண்டும். 'தட்டம்மை ஆன்டிபாடி' என்று பொதுவாக எழுதிக் கொடுப்பதால் இந்தக் குழப்பம் அடிக்கடி நடக்கிறது. இன்னொன்று: அண்மையில் ரத்தமோ, இம்யூனோகுளோபுலினோ (பிறர் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்பொருள் மருந்து) ஏற்றிக்கொண்டவருக்கு, அடுத்தவரின் எதிர்ப்பொருளைக் காட்டி 'பாசிட்டிவ்' என்று ஏமாற்றும்.

எங்கள் கருத்து இதுதான்: அட்டை இருந்தால் பரிசோதனை வேண்டாம். அட்டை இல்லாமல் ஆரோக்கியமாக இருந்தாலும் பரிசோதனை வேண்டாம், நேரே ஊசிக்குப் போங்கள். அட்டையும் இல்லை, ஊசியும் போட முடியாத உடல்நிலை என்பவர்களுக்கே பரிசோதனை முடிவு உண்மையில் பயன்படுகிறது.

கேள்வி: யாழ்ப்பாணத்தில் 1973-ல் பிறந்தேன், இப்போது டொராண்டோவில். எனக்குச் சின்னமுத்து (தட்டம்மை) வந்ததாக அம்மா சொல்லுவா. அவவுக்கு 80 வயது. நாங்கள் இருவரும் ஊசி போட வேணுமா?
— வாசகர், கனடா

பதில்: அம்மாவுக்கு வேண்டாம். 1970-க்கு முன் பிறந்தவர்களுக்கு நோய் வந்து போயிருக்கும் என்று கனடா எடுத்துக்கொள்கிறது. தடுப்பூசி இல்லாத காலத்தில் தப்பித்த பிள்ளை அபூர்வம். நீங்கள் போடுங்கள். நினைவை மட்டும் நம்ப முடியாது, பல வீடுகளில் நீர்க்கொப்புள அம்மையையும் இதையும் மாற்றிச் சொல்கிறார்கள். கொப்புளத்தில் நீர் கோத்து, அரித்து, காய்ந்து உதிர்ந்தால் அது வேறு நோய். தட்டம்மையில் மூன்று நான்கு நாள் கடும் காய்ச்சல், இருமல், மூக்கொழுகல், சிவந்த கண். பிறகு காதுக்குப் பின்னாலிருந்து சிவப்புப் புள்ளிகள் கீழே இறங்கும். கன்னத்தின் உள்பக்கம் உப்புத் தூள் அளவு வெள்ளைப் புள்ளிகளும் தெரியும்.

கேள்வி: மகன் அமெரிக்காவில் மேல்படிப்புக்குப் போகிறான். ஒன்பது மாதத்தில் ஒன்று, ஒன்றரை வயதில் ஒன்று என்று அட்டையில் இருக்கிறது. இருந்தும் கல்லூரி ஏற்கவில்லை. ஏன்?
— வாசகர், மதுரை

பதில்: முதல் பிறந்தநாளுக்கு முன் போட்டது அங்கே கணக்கில் சேராது. போட்டது எம்.ஆர். என்றால் பொன்னுக்குவீங்கிக்கான பகுதி அதில் இல்லை, கல்லூரிகள் எம்.எம்.ஆர். கேட்கின்றன. அட்டையில் உள்ள பெயரைப் பார்த்து, தேவைப்படும் எம்.எம்.ஆர். தவணைகளை 28 நாள் இடைவெளியில் போட்டு, தேதியும் முத்திரையும் வாங்குங்கள். காசநோய்த் தோல் பரிசோதனையும் கேட்டிருந்தால் இரண்டையும் ஒரே நாளில் செய்யுங்கள், இல்லையென்றால் ஊசிக்குப் பின் நான்கு வாரம் விடுங்கள். இடையில் செய்தால் தவறாக நெகட்டிவ் காட்டலாம்.

கேள்வி: குழந்தைக்குத் திட்டமிட்டிருக்கிறோம். இப்போது நான் ஊசி போடலாமா?
— வாசகி, புதுச்சேரி

பதில்: போடுங்கள், ரூபெல்லாவிலிருந்து வயிற்றுக் குழந்தையைக் காக்க இதைவிட நல்ல நேரம் இல்லை. பிறகு நான்கு வாரம் கருத்தரிப்பைத் தள்ளி வையுங்கள். கர்ப்பம் உறுதியான பின் போடக் கூடாது. தெரியாமல் போட்டுவிட்டாலும் அதற்காகக் கருவைக் கலைக்க வேண்டாம். பாலூட்டும் தாய் தாராளமாகப் போடலாம். புற்றுநோய் மருந்து எடுப்பவர்கள், உறுப்பு மாற்று செய்தவர்கள், பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை தினம் 20 மில்லிகிராமுக்குக் குறையாமல் இரண்டு வாரமாக எடுப்பவர்கள் போடக் கூடாது. முட்டை ஒவ்வாமை தடையல்ல. ஜெலட்டின், நியோமைசின் ஒவ்வாமை தடை.

கேள்வி: எதிர்வீட்டுப் பையனுக்குத் தட்டம்மை. நேற்று எங்கள் வீட்டில் விளையாடினான். எனக்கு 8 மாதக் கைக்குழந்தை இருக்கிறது.
— வாசகி, திருவாரூர்

பதில்: மணிக்கணக்கு முக்கியம். அவன் வந்த நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் போடும் ஊசி நோயைத் தடுக்கக்கூடும். ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்கு இந்த நிலையில் முன்கூட்டியே போடலாம். ஆனால் அதைக் கணக்கில் சேர்க்காமல், நான்கு வாரமாவது விட்டு, வழக்கமான இரண்டு தவணையையும் போட வேண்டும். உங்களுக்கும் அட்டை இல்லையென்றால் அன்றே போடுங்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட சிசு, ஊசியோ பழைய நோயோ இல்லாத கர்ப்பிணி, எதிர்ப்புச் சக்தி மிகவும் குன்றியவர் ஆகியோருக்கு ஆறு நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் உண்டு. பெரிய மருத்துவமனையில் கேளுங்கள்.

காய்ச்சல் வந்தால் மருத்துவமனைக்கு முதலில் போன் செய்துவிட்டுப் போங்கள். நோயாளி எழுந்து போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை அந்த அறைக் காற்றில் கிருமி இருக்கும். காத்திருப்போர் கூடத்தில் உட்காரக் கூடாது. புள்ளி தெரிவதற்கு நான்கு நாள் முன்பிருந்து, தெரிந்து நான்கு நாள் வரை பரவும்.

அம்மன் இறங்கியிருக்கிறாள் என்று வாசலில் வேப்பிலை செருகி, ஆட்களை உள்ளே விடாத வழக்கம் பரவலைக் குறைக்கிறது, அதைத் தொடருங்கள். மருத்துவரிடம் போகாமல் இருப்பதும், பாலையும் சோற்றையும் குறைப்பதும்தான் குழந்தையைக் கொல்கிறது. எதிர்வீட்டாரிடம் வைட்டமின் ஏ கொடுத்தார்களா என்று கேளுங்கள்: ஒரு வயதுக்கு மேல் 2 லட்சம் யூனிட், 6 முதல் 11 மாதம் வரை 1 லட்சம், அதற்கும் கீழே 50 ஆயிரம், தொடர்ந்து இரண்டு நாள், மருத்துவர் சொல்லி. மூச்சு வேகமாக வாங்கினாலோ, குழந்தை பால் குடிக்காமல் துவண்டாலோ, வலிப்பு வந்தாலோ, கண்ணில் வெண்மை படர்ந்தாலோ இரவென்று பார்க்காமல் கிளம்புங்கள்.