கேளுங்கள், ரீச்சர் சொல்கிறேன்: வேம்படிச் சனிக்கிழமை

கேள்வி: ரீச்சர், எனக்கு 20 வயது. ஏ.எல். (உயர்தரப்) பரீட்சை எடுத்துவிட்டு ரிசல்ட்ஸ் வரும்வரை பார்த்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் சபையில் ஒரு குழு சனிக்கிழமைகளில் கிளிநொச்சி பஸ் நிலையத்தடிக்குப் போய், சாமான் விற்கிற, கைநீட்டுகிற பிள்ளைகளுக்குப் பாட்டும் படிப்பும் சொல்லிக்கொடுக்கிறது. நானும் சேர ஆசை. அம்மாவோ, “கம்பஸ் கிடைச்சால் விட்டிட்டுத்தானே போகப்போறாய், பிறகேன்?” என்கிறா. போகலாமா? பிள்ளைகளுக்குக் காசு கொடுக்கலாமா? அரைவாசிக்கு மேல் சைவப் பிள்ளைகள். அவர்களோடு இயேசுவைப் பற்றி எப்படிக் கதைப்பது?
- பெயர் வேண்டாம், வட்டக்கச்சி

பதில்: பிள்ளை, அம்மா கேட்டதில் நியாயம் இருக்கிறது. முதலில் அதற்கு வாறன்.

நான் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த காலத்திலேயே சபையோடு சேர்ந்து இந்த வேலையைத் தொடங்கி, பதினொரு வருடம் செய்தவள். ஒரு வேம்புக்குக் கீழே உரப்பையை விரித்துப் பிள்ளைகளை இருத்துவோம். உங்கள் வயதில் ஒரு தங்கச்சி எங்களோடு வந்தா. நல்லாகப் பாடுவா, அதைவிட வடிவாகப் படம் கீறுவா. நாலு மாதத்தில் கம்பஸ் கிடைத்துப் போய்விட்டா. பிள்ளைகள் அழுவினம் என்று பயந்தாவோ என்னவோ, ஒருவரிடமும் சொல்லவில்லை. பிறகு மூன்று சனிக்கிழமை, அவ மயில் கீறிக்கொடுத்த கொப்பியை நெஞ்சோடு அணைத்தபடி ஒரு சின்னப் பெட்டை பஸ் வருகிற பக்கமே பார்த்துக்கொண்டு நின்றது. நாலாவது கிழமை கையில் கொப்பி இல்லை. எங்கே என்று கேட்டேன். “தாளைக் கிழிச்சுக் கச்சான்கடலை சுத்திப்போட்டன்” என்றது.

போங்கோ. ஆனால் முதல் நாளே, “நான் கம்பஸ் திறக்கும்வரைதான் வருவன்” என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கோ. அவர்கள் விளங்கிக்கொள்வார்கள். விட்டுவிட்டுப் போகிற ஆட்களை எங்களைவிடக் கூடக் கண்டவர்கள். போகிற வரைக்கும் மழையோ வெயிலோ, சொன்ன நேரத்துக்கு நிற்கவேண்டும்.

காசு விஷயத்தில் நான் விட்ட பிழையைச் சொல்கிறேன். 2013இல், முறிகண்டிப் பிள்ளையாரடியில் பஸ் நின்றபோது பத்து வயது மதிக்கத்தக்க ஒரு பெடியன் கச்சான் கொண்டுவந்தான். பள்ளிக்கூட நாள். பையில் இருபது பைக்கற். பொடியன் வெள்ளென வீட்டுக்குப் போகட்டுமே என்று முழுவதையும் வாங்கினேன். பஸ்ஸில் எல்லாருக்கும் பங்கிட்டுக் கொடுத்து, பெரிய புண்ணியம் செய்தது போல வந்து சேர்ந்தேன். அடுத்த கிழமை அதே இடத்தில் கண்டேன். கையில் இரண்டு பை. “நேரத்தோட முடிச்சிட்டியாம், இன்னும் விக்கலாமாம்” என்று கொடுத்து விட்டிருக்கிறார்கள். காசு கொடுத்தால் அந்தக் காசு பிள்ளையை வீட்டுக்கு அனுப்பாது, ரோட்டில்தான் நிறுத்தும். அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

அவனோடு கதைத்தபோது இன்னொன்று தெரிந்தது. மிச்சக் காசு சொல்வதில் என்னைவிடக் கெட்டிக்காரன். ஆனால் பஸ்ஸின் பெயர்ப்பலகை வாசிக்கத் தெரியாது. வவுனியா பஸ்ஸை ஹோர்ன் சத்தத்தில் பிடிப்பானாம்! பள்ளிக்கூடத்தில் ஏன் சேரவில்லை என்றால், பிறப்பத்தாட்சிப் பத்திரம் இல்லை. 2009இல் இடம்பெயர்ந்து ஓடும்போது துணிமூட்டையோடு போய்விட்டது. தாய் ஒருதரம் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறா. பத்திரத்தோடு வா என்று திருப்பிவிட்டார்கள். அவவும் அதோடு விட்டுவிட்டா.

உண்மையான ஊழியம் அங்கேதான் தொடங்கியது. தாயோடு ஜீ.எஸ்.ஸிடம் (கிராம சேவகரிடம்) போனேன், பிரதேச செயலகத்துக்குப் போனேன். தேடிப் பார்த்தால் கந்தோரிலும் பிறப்புப் பதிவைக் காணவில்லை. பிந்திய பதிவுக்கு ஏதாவது பழைய ஆதாரம் வேண்டும்: தடுப்பூசி அட்டை, ஞானஸ்நானச் சான்றிதழ், சாதகம் என்று ஏதாவது. இவர்களிடம் மிஞ்சியிருந்தது சாதகக் கொப்பி ஒன்றுதான், அதுவும் பேத்தியார் இடுப்பில் செருகிக் காப்பாற்றியது. வேதக்காரியான நான் ஒரு சைவப் பெடியனின் சாதகத்தைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு நாலுதரம் கந்தோர் ஏறி இறங்கினேன். எங்கள் போதகர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். பத்திரம் வந்தது, பெடியன் பள்ளிக்கூடம் போனான். இந்த நாட்டில் 5 வயதிலிருந்து 16 வயதுவரை கட்டாயக் கல்வி. சட்டம் இருக்கிறதுதான். பிள்ளையின் கையைப் பிடித்துக் கந்தோருக்குக் கூட்டிக்கொண்டு போக ஆள்தான் இல்லை. உங்கள் குழு பாட்டுக்குச் செலவழிக்கிற நேரத்தில் பாதியை இதற்குக் கொடுத்தால் பெரிய காரியம்.

இயேசுவைப் பற்றிக் கேட்டீர்கள். தொடக்கத்தில் நாங்கள் பாட்டுப் படித்து முடிந்த பிறகுதான் பிஸ்கட் கொடுப்போம். ஒருநாள் ஒரு தாய் வந்து, “மிஸ், அல்லேலூயா சொன்னால்தான் பிஸ்கட்டாமே?” என்று கேட்டா. கோபமாகக் கேட்கவில்லை, விசாரிக்கிற மாதிரித்தான். எனக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. அடுத்த கிழமையே மாற்றினோம். வந்தவுடன் பிஸ்கட்டும் தேத்தண்ணியும், பிறகு படிப்பு. பாட்டு கடைசியில், விரும்பினவர்களுக்கு மட்டும், அதுவும் தாய் தகப்பனுக்குத் தெரிந்து. திருநீற்றை அழிக்கச் சொல்லவோ ஜெபிக்கச் சொல்லவோ ஒருவருக்கும் உரிமை இல்லை. பிள்ளை தானாகக் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கோ. “நீங்கள் ஏன் மிஸ் சும்மா வாறியள்?” என்று கட்டாயம் கேட்பார்கள்.

மற்றது, தனியாக ஒரு பிள்ளையை எங்கேயும் கூட்டிக்கொண்டு போகாதேங்கோ, வீட்டுக்கும் வேண்டாம். ஃபோட்டோ எடுத்து ஃபேஸ்புக்கில் போடவேண்டாம். உடம்பில் காயம் கண்டாலோ, பிள்ளை ஏதும் ஒரு மாதிரிச் சொன்னாலோ, நீங்களே விசாரணை நடத்தாமல் குழுப் பொறுப்பாளரிடம் சொல்லி, சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கமான 1929க்கு எடுங்கோ, அல்லது நன்னடத்தை உத்தியோகத்தரிடம் போங்கோ. உங்கள் குழு பிரதேச செயலகத்துக்குத் தெரிந்துதான் இயங்குகிறதா என்பதையும் சேரும் முன் கேட்டுவிடுங்கோ.

கேள்வி: லண்டனில் எங்கள் சபையார் இப்படியான பிள்ளைகளுக்கென்று பழைய உடுப்புகள் சேர்த்து வைத்திருக்கிறோம். யாருக்கு அனுப்பலாம்?
- ஒரு வாசகர், லண்டன்

பதில்: அனுப்பவேண்டாம். முன்பு இப்படி வந்த ஒரு பெட்டியை உடைத்தால் உள்ளே முழுக்கக் கம்பளிக் குளிர்ச்சட்டை. கிளிநொச்சி வெயிலுக்கு! கப்பல் கூலியை மிச்சம்பிடித்து, இங்கே குழுவாக இயங்குகிற சபை ஏதாவது இருந்தால் அதன் கணக்குக்கு அனுப்புங்கோ. கொப்பியும் செருப்பும் கிளிநொச்சிக் கடையிலேயே வாங்கலாம். கந்தோருக்குப் போய்வர ஒரு தாய்க்கு பஸ் காசும் அன்றைய நாள்கூலியும் கொடுக்கலாம்.