சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு விமானத்தில் எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்?

சாங்கி விமான நிலையத்துக்கும் நியூயார்க்கின் ஜே.எஃப்.கே. விமான நிலையத்துக்கும் இடையே உள்ள மிகக் குறுகிய வான்வழித் தூரம் ஏறத்தாழ 15,350 கிலோமீட்டர். இடையில் எங்கும் நிற்காத விமானத்துக்குக் கால அட்டவணையில் பதினெட்டரை மணி முதல் பத்தொன்பது மணி நேரம் வரை ஒதுக்கியிருப்பார்கள். தூரம் கணக்கிடும் இணையதளம் ஒன்றில் பார்த்தால், பதினேழு மணி நேரம் என்று காட்டக்கூடும். அது தூரத்தை மணிக்கு 900 கிலோமீட்டர் என்ற ஒரே வேகத்தால் வகுத்துச் சொல்லும் விடை. அட்டவணை நேரமோ, விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வதில் தொடங்கி, சேருமிடத்தில் வந்து நிற்கும் வரையிலானது. ஓடுபாதையை நோக்கி ஊர்ந்து செல்வதும் அதில் அடங்கும்.

இவற்றையெல்லாம் விடக் காற்றுதான் நேரத்தைப் பெரிதும் தீர்மானிக்கிறது என்பது என் கருத்து. இந்த இரண்டு நகரங்களும் தீர்க்கரேகைக் கணக்கில் கிட்டத்தட்ட 180 பாகை விலகி, பூமியின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருப்பதால், மிகக் குறுகிய பாதை வட துருவத்தை ஒட்டிச் செல்கிறது. ஆனால் விமானங்கள் பெரும்பாலும் அந்தப் பாதையில் பறப்பதில்லை. சுமார் பத்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்றோட்டத்தைப் பிடிப்பதற்காக, போகும்போது பசிபிக் கடலைக் கடந்தும், திரும்பும்போது அட்லாண்டிக் கடலையும் ஐரோப்பாவையும் கடந்தும், பல நாட்களில் இரு முறையுமே கிழக்கு நோக்கித்தான் பறக்கின்றன. தூரம் கூடினாலும் நேரம் மிச்சமாகிறது. இருக்கைக்கு முன்னால் உள்ள திரையில் தரைவேகத்தைக் கவனித்தால் இது விளங்கும்: பின்காற்று வலுத்திருக்கும்போது அது 1,100 கிலோமீட்டரைத் தாண்டும், எதிர்காற்றில் 800-க்கும் கீழே இறங்கிவிடும். பக்கத்திலுள்ள நெவார்க் விமான நிலையத்துக்கு 2018 அக்டோபரில் இந்த நேரடிச் சேவை மீண்டும் தொடங்கியபோது, முதல் விமானம் 17 மணி 52 நிமிடங்களிலேயே போய்ச் சேர்ந்தது.

எந்த நாட்டின் வான்பரப்பு திறந்திருக்கிறது என்பதும் முக்கியம். 2022-இல் ஐரோப்பிய விமானங்களுக்கு ரஷ்ய வான்வழி மூடப்பட்ட பிறகு, பின்லாந்தின் ஹெல்சின்கியிலிருந்து டோக்கியோவுக்கான பயணம் ஒன்பதரை மணியிலிருந்து ஏறத்தாழ பதின்மூன்று மணி நேரமாக நீண்டது. ஊர்கள் அதே இடத்தில்தான் இருக்கின்றன.

ஆகவே, பயணத்தைத் திட்டமிடும்போது தூரக் கணக்கை ஒதுக்கிவிட்டு, பயணச்சீட்டில் உள்ள நேரத்தையே நம்புங்கள். அங்கே அச்சிடப்படுவது அந்தந்த ஊர் நேரம் என்பதையும் நினைவில் வையுங்கள். குளிர்காலத்தில் நியூயார்க் 13 மணி நேரமும், கோடையில் 12 மணி நேரமும் பின்தங்கியிருக்கும். குளிர்காலத்தில் சிங்கப்பூரிலிருந்து நள்ளிரவு கழிந்தவுடன் கிளம்பினால், அதே தேதியின் விடியற்காலையிலேயே போய் இறங்கிவிடலாம். திரும்பும்போது இரவு பத்தரைக்குக் கிளம்பினால், நாட்காட்டியில் இரண்டு தேதிகள் தள்ளித்தான் காலையில் வந்து சேர்வீர்கள். அழைத்துச் செல்ல யாராவது வருவதாக இருந்தால், புறப்படும் தேதியைச் சொல்லாமல் வந்திறங்கும் தேதியைச் சொல்லிவிடுங்கள்.