பனியில் விளையாடப் போகும் பிள்ளைக்கு எத்தனை ஸ்வெட்டர்?

கேள்வி: எங்களுக்குத் தஞ்சாவூர்ப் பக்கம். போன ஆகஸ்டில்தான் டொராண்டோவில் ஸ்கார்பரோவுக்குக் குடிவந்தோம். மகனுக்கு நான்கு வயது, ஜூனியர் கிண்டர்கார்ட்டன் போகிறான். மைனஸ் பத்து டிகிரியிலும் பள்ளியில் வெளியே விளையாட விடுகிறார்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் என் மாமியார், சளி பிடித்துவிடும் என்று பருத்தி பனியன், இரண்டு ஸ்வெட்டர், ஜாக்கெட், கழுத்தில் நீள மஃப்ளர் என்று சுற்றி அனுப்புகிறார். டீச்சரோ மஃப்ளர் வேண்டாம் என்று எழுதி அனுப்பிவிட்டார். சாயங்காலம் அவன் வரும்போது உள் பனியன் நனைந்திருக்கிறது. ஒரு வயது மகளையும் வெளியே கூட்டிப்போகலாமா?
– ஒரு வாசகி, ஸ்கார்பரோ

பதில்: மஃப்ளர் விஷயத்தில் டீச்சர் சொல்வதைக் கேளுங்கள். பனியில் குழந்தைக்கு வரும் ஆபத்து என்றாலே நாம் குளிரைத்தான் நினைக்கிறோம். விளையாட்டுத் திடலில் அதைவிட வேகமான ஆபத்து ஒன்று இருக்கிறது. சறுக்குமரத்தின் மேல்முனையில் மஃப்ளரின் ஒரு நுனி சிக்கிக்கொள்ளும், பிள்ளை கீழே சறுக்கிவிடும், கழுத்து இறுகிவிடும். கத்தக்கூட முடியாது. தொப்பியிலும் கழுத்திலும் தொங்கும் நாடாக்களும் இப்படித்தான். பிள்ளைகளின் மேலாடைகளில் அந்த இடங்களில் நாடாவே வைக்கக் கூடாது என்று அமெரிக்காவின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 1996-லேயே வழிகாட்டுதல் வெளியிட்டது. கனடா சுகாதாரத் துறையும் மஃப்ளருக்குப் பதில் நெக் வார்மர் போடச் சொல்கிறது. தலைவழியாக மாட்டும் ஒரு துணிவளையம், அவ்வளவுதான். மூக்குவரை இழுத்துவிட்டுக்கொள்ளலாம், தொங்குவதற்கு எதுவும் இருக்காது.

ஊரிலிருந்து கொண்டுவந்த ஜாக்கெட்டோ, பழைய துணிக்கடையில் வாங்கியதோ இருந்தால் இன்றே எடுத்துப் பாருங்கள். நாடா இருந்தால் உருவி எறியுங்கள். இரண்டு மிட்டனையும் (கட்டைவிரல் தனியாகவும் மற்ற நான்கு விரலும் ஒன்றாகவும் இருக்கும் கையுறை) இணைத்துக் கழுத்தைச் சுற்றிப் போகும் கயிறும் வேண்டாம். ஜாக்கெட் கையோடு மாட்டும் சின்ன கிளிப் விற்கிறார்கள், அது போதும். இன்னொன்று, கழுத்தில் தாயத்து கட்டிய கறுப்புக் கயிறோ சங்கிலியோ இருந்தால் பள்ளிக்குப் போகும்போது கழற்றி வையுங்கள். மாமியாருக்கு மனம் கேட்காவிட்டால் தாயத்தை அரைஞாணில் கட்டிவிடலாம்.

அடுத்தது நனைந்த பனியன். நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருந்தாலும் உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படுத்தியது அதுதான். பிள்ளை ஓடி ஆடும்போது வேர்க்கிறது. பருத்தி அந்த வேர்வையை உறிஞ்சி உடம்போடு ஒட்டவைத்துக்கொள்ளும், சீக்கிரம் காயாது. அவன் ஓட்டத்தை நிறுத்தி மணி அடிக்கும்வரை வரிசையில் நிற்கும்போது அந்த ஈரமே உடம்புச் சூட்டை இழுத்துவிடும். நம் ஊர் வெயிலுக்குப் பருத்திதான் உத்தமம், காரணமும் இதேதான்: அது ஈரத்தைப் பிடித்துக்கொண்டு உடம்பைக் குளிர்விக்கும். ஸ்கார்பரோ ஜனவரியில் அந்தக் குணமே நமக்கு எதிரி.

அதனால் உடம்பை ஒட்டி மெல்லிய கம்பளியோ பாலியெஸ்டரோ கலந்த தெர்மல் உள்ளாடை, அதன்மேல் ஒரு ஃப்ளீஸோ (பொசுபொசுவென்ற செயற்கை இழைத் துணி) கம்பளி ஸ்வெட்டரோ, எல்லாவற்றுக்கும் மேல் காற்றும் தண்ணீரும் புகாத ஜாக்கெட், ஸ்னோ பேண்ட். இந்த மூன்று அடுக்கு போதும். மாமியார் கையால் பின்னிய கம்பளி ஸ்வெட்டர் இருந்தால் அதையே நடு அடுக்காகப் போடுங்கள். கம்பளி கொஞ்சம் நனைந்தாலும் சூடு தரும், அதனால் கடையில் வாங்கும் பலதைவிட அது மேல். ஆனால் ஒன்று மட்டும். இரண்டு ஸ்வெட்டரை நெருக்கித் திணித்தால் இடையில் காற்று நிற்க இடம் இருக்காது. சூட்டைப் பிடித்துவைப்பது அந்தக் காற்றுதான். பிள்ளைக்குக் கையைத் தூக்கவும் முடியாது.

பூட்ஸும் இதே கதைதான். இரண்டு சாக்ஸ் போட்டு இறுக்கமான பூட்ஸுக்குள் காலைத் திணித்தால் ரத்த ஓட்டம் குறைந்து விரல் சில்லிட்டுப்போகும். ஒரே ஒரு தடித்த கம்பளி சாக்ஸ், உள்ளே விரலை அசைக்க இடம் உள்ள பூட்ஸ், அதுவே சரி. கைக்கு ஐந்து விரல் உறையைவிட மிட்டன் நல்லது, விரல்கள் ஒன்றுக்கொன்று சூடு கொடுத்துக்கொள்ளும். மிட்டன் கட்டாயம் நனையும், இல்லாவிட்டால் தொலையும். பையில் இன்னொரு ஜோடி வைத்து, எல்லாவற்றிலும் பெயர் எழுதிவிடுங்கள். காதை முழுக்க மூடும் தொப்பி வேண்டும். நம் ஊர் மங்கி கேப் இதற்கு நன்றாகவே உதவும், கண்ணை மறைக்காமல் பொருந்தினால் போதும்.

நான்கு வயதுப் பிள்ளை தானே போட்டுக்கொள்ள வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். ஒரு டீச்சர் எத்தனை பேருக்குத்தான் ஜிப் இழுப்பார்? முதலில் பாத்ரூம், பிறகு ஸ்னோ பேண்ட், பூட்ஸ், நெக் வார்மர், தொப்பி, ஜாக்கெட், கடைசியில் மிட்டன். இந்த வரிசையை வீட்டில் பாட்டியும் பேரனுமாக விளையாட்டாகப் பழகட்டும். மிட்டனை முதலில் மாட்டிவிட்டால் பிறகு ஒரு வேலையும் நடக்காது.

சளிக்கு வருகிறேன். சளியைக் கொண்டுவருவது வைரஸ். ஜன்னலைச் சாத்திக்கொண்டு பலர் ஒரே அறையில் இருக்கும்போதுதான் அது ஒருவரிடமிருந்து ஒருவருக்கு எளிதாகத் தாவுகிறது. மைனஸ் பத்தில், சரியான உடுப்போடு வெளியே ஓடியாடுவதில் தவறே இல்லை. நீங்கள் பார்க்க வேண்டியது விண்ட் சில் என்று வானிலை அறிக்கையில் சொல்லும் எண்ணை, அதாவது காற்றையும் சேர்த்து உடம்புக்கு எவ்வளவு குளிராகத் தெரியும் என்பதை. அது மைனஸ் 28-ஐத் தொட்டால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறைந்துபோகலாம். அன்று வெளியே விளையாட்டு வேண்டாம்.

அதற்கு முன்பும் கன்னம், மூக்கு, காது, விரல் நுனிகளை அவ்வப்போது பாருங்கள். சிவந்திருந்தால் உள்ளே கூப்பிடும் நேரம். தோல் வெளுத்தோ மெழுகு போலவோ ஆகி, மரத்துப்போயிருக்கிறது என்று பிள்ளை சொன்னால் தேய்க்கவே கூடாது, பனியை வைத்துத் தேய்ப்பது இன்னும் மோசம். ஈரத்துணியைக் கழற்றி, உங்கள் உள்ளங்கைச் சூட்டாலோ வெதுவெதுப்பான தண்ணீராலோ மெதுவாகச் சூடாக்குங்கள். ஹீட்டர் பக்கத்தில் வைக்காதீர்கள், மரத்த தோலுக்குச் சுடுவதே தெரியாது. நிறம் திரும்பாவிட்டால் உடனே மருத்துவரிடம் போங்கள். முகத்தில் தேங்காய் எண்ணெய் தடவினால் குளிர் தாக்காது என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். எண்ணெய்க் குளியலைச் சாயங்காலத்துக்கு மாற்றுங்கள், ஈரத்தலையோடு வெளியே போக வேண்டாம். இரும்புக் கம்பியில் நாக்கை வைக்கக் கூடாது என்பதையும் சொல்லிவையுங்கள். எல்லாப் பிள்ளைக்கும் ஒருநாள் அந்த ஆசை வரும். அப்படி ஒட்டிக்கொண்டால் இழுக்காமல் வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றினால் விட்டுவிடும்.

ஒரு வயதுப் பாப்பாவைத் தாராளமாகக் கூட்டிப்போங்கள், ஆனால் கொஞ்ச நேரம்தான். ஸ்ட்ரோலரில் உட்கார்ந்திருக்கும் குழந்தை ஓடுவதில்லை, அதனால் உடம்பில் சூடு ஊறாது. நீங்கள் போட்டிருப்பதைவிட ஒரு அடுக்கு அதிகம் என்பது கணக்கு. கை சில்லென்று இருப்பதைப் பார்த்துப் பயப்படாமல் பிடரியில் விரல் வைத்துப் பாருங்கள். அங்கே வேர்த்திருந்தால் உடுப்பு அதிகம், சில்லென்றிருந்தால் குறைவு. கடைக்குள்ளோ வீட்டுக்குள்ளோ நுழைந்ததும், தூங்கினாலும் பரவாயில்லை என்று தொப்பியையும் ஜாக்கெட்டையும் கழற்றிவிடுங்கள். சின்னக் குழந்தைக்கு அதிகச் சூடும் ஆபத்துதான்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தடித்த ஜாக்கெட்டோடு பிள்ளைகளைக் கார் சீட்டில் கட்டாதீர்கள். மோதல் நேர்ந்தால் அந்தப் பஞ்சு அமுங்கி, பெல்ட் தளர்ந்து, பிள்ளை நழுவிவிடலாம். ஜாக்கெட்டைக் கழற்றி, தோள்பட்டையில் பெல்ட்டை விரலால் கிள்ள முடியாத அளவுக்கு இறுக்கிய பிறகு, அதே ஜாக்கெட்டை முன்பக்கமாகத் திருப்பி மேலே போர்த்துங்கள். மாமியார் கொண்டுவந்த கம்பளிச் சால்வையையும் அங்கே தாராளமாகப் பயன்படுத்தலாம், பெல்ட்டுக்கு மேலே மட்டும்.