மளிகைக் கடைப் பெண்ணை மேனேஜராக்க என்ன பயிற்சி? முதலில் சரக்கு எடுக்க அனுப்புங்கள்

கேள்வி: வடசென்னையில் ஒரு நடுத்தர சூப்பர் மார்க்கெட் நடத்துகிறேன். வேலை பார்க்கும் 14 பேரில் 10 பேர் பெண்கள். அவர்களில் ஒருவரை மேனேஜராகக் கொண்டுவர ஆசை. என்ன மாதிரிப் பயிற்சி கொடுக்கலாம்?

படித்ததும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்புறம் கொஞ்சம் வயிற்றெரிச்சலும் வந்தது, மறைக்க விரும்பவில்லை. எனக்கு முதலாளியாக இருந்தவர்கள் யாரும் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை.

உங்கள் கடையைப் பார்க்காமலே சொல்கிறேன். பில்லிங்கில் மூன்று பெண்கள். உள்ளே பருப்பும் ரவையும் பொட்டலம் போட நான்கு பேர். ரேக் அடுக்க மீதிப் பேர். சரக்கு எடுப்பது, சப்ளையரிடம் பேசுவது, குடோன் சாவி, பேங்க், இதெல்லாம் அந்த நான்கு ஆண்கள் கையில். தப்பாக இருந்தால் மன்னியுங்கள். சரியாக இருந்தால் பயிற்சி வகுப்பு எதற்கும் பணம் கட்டாதீர்கள். அந்தப் பெண்ணை ஒரு திங்கட்கிழமை மளிகை மொத்தக் கடைகள் இருக்கும் கொத்தவால்சாவடிக்கு அனுப்புங்கள்.

நான் 2009இல் தண்டையார்பேட்டையில் ஒரு கடையில் பில் போடச் சேர்ந்தேன். முதலாளி திருநெல்வேலிப் பக்கம், எங்களுக்கெல்லாம் அண்ணாச்சி. இரண்டு வருஷம் நான் பார்த்த மளிகைத் தொழில், மானிட்டரும் கல்லாப்பெட்டியும்தான். துவரம்பருப்பு எங்கிருந்து வருகிறது, எவ்வளவுக்கு வருகிறது என்று தெரியாமலே தினமும் நூறு பேருக்கு விற்றுக்கொண்டிருந்தேன்.

ஒரு ஆடி மாதம் சரக்கு எடுக்கிற அண்ணன் கோயில் கொடைக்கு ஊருக்குப் போய்விட்டார். அண்ணாச்சிக்கு முழங்கால் வலி. "எம்மா, நீ போயிட்டு வா" என்று சீட்டையும் பணத்தையும் கையில் கொடுத்தார். காய்கறி மார்க்கெட் 1996இல் கோயம்பேட்டுக்குப் போன பிறகும் மளிகை மொத்த வியாபாரம் சாவடியிலேயே தங்கிவிட்டது, தெரியும்தானே. அண்ணா பிள்ளை தெருவில் ஒரு மூட்டைக்காரர் முதுகுக்கும் இன்னொரு மூட்டைக்காரர் நெஞ்சுக்கும் நடுவில் நான் நின்ற நிற்பு இன்னும் ஞாபகம் இருக்கிறது. வியாபாரி என்னைப் பார்த்து, "ஏம்மா, அண்ணாச்சி வரலையா?" என்றார். வரவில்லை என்றதும் அவர் முகத்தில் ஒரு சின்ன சந்தோஷம். எனக்கு அது அப்போது புரியவில்லை.

குண்டு மிளகாய் 10 கிலோ எடுத்தேன். வழக்கமான விலையைவிடக் கிலோவுக்கு நான்கு ரூபாய் குறைவு. பெருமையாக மீன்பாடி வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். அண்ணாச்சி ஒரு பிடி அள்ளி அமுக்கினார். காய்ந்த மிளகாய் என்றால் கலகலவென்று விதை குலுங்கும், நொறுங்கும். இது தோல் மாதிரி வளைந்தது. ஈரம். மொட்டை மாடியில் மூன்று நாள் காயவைத்து எடை போட்டால் எட்டே முக்கால் கிலோ. அண்ணாச்சி திட்டவில்லை. கணக்கு நோட்டில் எழுதினார்: "மிளகாய், 1¼ கிலோ, காத்து."

நானாக இருந்தால் அத்தோடு அந்தப் பெண்ணை அனுப்புவதை நிறுத்தியிருப்பேன். அவர் அடுத்த திங்கட்கிழமையும் என்னையே அனுப்பினார். "அதே கடைக்குத்தான் போகணும், கேட்டியா? மிளகா வாங்காத. கையில எடுத்துப் பாரு, வச்சிட்டு வந்துரு." அப்படியே செய்தேன். அள்ளினேன், அமுக்கினேன், ஒன்றும் பேசாமல் போட்டுவிட்டுத் திரும்பினேன். நாலடி நடப்பதற்குள் பின்னாலிருந்து குரல்: "அம்மா, உள்ள வேற மூட்டை இருக்கு, பாருங்க." போன வாரம் "ஏம்மா", இந்த வாரம் "அம்மா".

அதற்குப் பிறகு செங்குன்றத்துக்கு அரிசி எடுக்கவும் போனேன். மூட்டையில் குத்தூசியைச் செருகி, உள்ளங்கையில் விழுகிற அரிசியில் நொய் எவ்வளவு, கல் உண்டா, பழசா புதுசா என்று பார்க்கப் பழகினேன். எம்.ஆர்.பி. அச்சடித்த பிஸ்கட்டில் யார் மேனேஜராக உட்கார்ந்தாலும் லாபம் பெரிதாக மாறாது. பருப்பு, மிளகாய், அரிசி என்று உதிரியாக விற்கிற சரக்கில்தான் கடை பிழைக்கிறது, அது எடுக்கிற இடத்தில் முடிவாகிவிடும். அந்த இடத்தைப் பார்க்காத பெண்ணுக்கு மேனேஜர் என்று பேட்ஜ் குத்தினால், ரேட் தெரியாமல் ஸ்டோர் பையனிடம் கேட்டுக்கொண்டு நிற்பாள். அப்புறம் எல்லோரும் "பார்த்தியா, பொம்பளைக்கு வரல" என்பார்கள்.

ஆண்களைக் குறை சொல்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவரே ஆண்தான். எல்லாப் பெண்ணும் மேனேஜர் ஆக வேண்டும் என்றும் சொல்லவில்லை. என்னோடு பில் போட்ட ஒரு அக்கா, "எனக்கு ஆறு மணிக்கு வீட்டுக்குப் போனாப் போதும்டி" என்பார். அதுவும் நியாயம்தான். கேட்டுப் பாருங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

என்னிடம் கேட்கவில்லை. அண்ணாச்சி ஒதுங்கி அவர் மகன் கைக்குக் கடை வந்தது. 2022இல் மேனேஜர் இடம் காலியானபோது வெளியிலிருந்து ஒரு தம்பியைக் கூட்டி வந்தார்கள். அவருக்கு வேலை சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு எனக்கு! காரணம் கேட்டதற்கு, "நைட் கணக்கு முடிக்க பத்தரை ஆகும்க்கா, லேடீஸுக்குச் சரிப்படாது" என்றார் அண்ணாச்சி மகன். தீபாவளி, பொங்கல் என்றால் பதினொன்று வரை நின்ற ஆள் நான். 2021லேயே விம்கோ நகர் வரை மெட்ரோ வந்துவிட்டது, தண்டையார்பேட்டையிலேயே ஏறலாம். அந்தத் தம்பி தாம்பரம் போக வேண்டும், நான் பத்து நிமிஷத்தில் வீட்டில் இருப்பேன்.

அதே வருஷம் ஜூலையில்தான் 25 கிலோ வரை பேக் செய்த அரிசிக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி வந்தது. "பை விலை ஏன் ஏறிச்சு?" என்று கவுண்ட்டரில் சண்டை. செங்குன்றத்தில் 26 கிலோ பை போட ஆரம்பித்துவிட்டார்கள், அதற்கு வரி இல்லை, மாற்றி எடுக்கலாம் என்று முதல் வாரமே சொன்னேன். காதில் விழவில்லை. ஒரு மாதம் கழித்து அந்தத் தம்பி அதையே சொன்னபோது கைதட்டினார்கள். அந்த மாத சம்பளத்தோடு வந்துவிட்டேன்.

இப்போது கொருக்குப்பேட்டைப் பக்கம் சொந்தமாகச் சின்னக் கடை. கொருக்குப்பேட்டை என்றதும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த ரயில்வே கேட்டில் நின்று நின்றே என் ஆயுசில் பாதி போய்விட்டது. கூட்ஸ் வண்டி ஒன்று போகும், அப்பாடா என்று வண்டியைக் கிளப்பினால் அடுத்தது வரும். தயிர் பாக்கெட்டை டெலிவரிக்கு எடுத்துப்போன பையன் கேட்டிலேயே அதைக் குடித்துவிட்டு வந்த கதையும் உண்டு. சரி, அதை விடுங்கள்.

நீங்கள் கேட்டதற்கு இன்னும் கொஞ்சம். 14 பேர் என்றால், பத்துப் பேரோ அதற்கு மேலோ இருப்பதால், 2013 சட்டப்படி பாலியல் புகார்களை விசாரிக்க உங்கள் கடையில் ஒரு குழு இருக்க வேண்டும். அதற்குத் தலைவர் அங்கேயே வேலை பார்க்கும் ஒரு மூத்த பெண். பெண்ணை மேலே வர விட்டிருந்தால்தானே அப்படி ஒருத்தி இருப்பாள்? ராத்திரி விஷயமும் குழப்பமில்லை. 2019இல் வந்த தமிழக அரசாணையே, எட்டு மணிக்கு மேல் பெண்ணை நிற்கச் சொல்லக் கூடாது, அவளே சம்மதம் எழுதிக் கொடுத்தால் பாதுகாப்பு செய்து கொடுத்து வேலை தரலாம் என்றது. அவள் சம்மதத்தைக் கேட்க வேண்டும், அவளுக்குப் பதில் நீங்கள் முடிவு செய்யக் கூடாது.

அப்புறம் உட்கார இடம். 2021இல் தமிழ்நாட்டில் கடைகள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை கட்டாயம் என்றார்கள். எங்கள் அண்ணாச்சி கடையிலும் நான்கு பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்கினார்கள். ஒன்றில் எண்ணெய் டின், ஒன்றில் சாமி படம். மற்ற இரண்டும் குடோனில் ஒன்றின் மேல் ஒன்று. நாங்கள் நின்றுகொண்டே இருந்தோம். கழிவறை கதையைக் கேட்காதீர்கள், பக்கத்து வீட்டு அம்மா புண்ணியத்தில் ஓட்டினோம். மேனேஜர் பயிற்சிக்கு முன்னால் உங்கள் கடைக் கழிவறைக்கு ஒரு தாழ்ப்பாள் போடுங்கள்.

இவ்வளவும் எழுதிவிட்டு என் கதையையும் சொல்லிவிட வேண்டும். என் கடையில் இரண்டு பெண்கள். அதில் சின்னவள் போன மாதம், "அக்கா, சாவடிக்கு நானும் வரட்டா?" என்று கேட்டாள். "நீ வந்தா கடைய யார் பாக்கிறது?" என்று வாயில் வந்துவிட்டது. நாலு நாள் தூக்கம் சரியில்லை. உங்கள் கேள்வி கண்ணில் பட்டதும் அந்த நாட்களில்தான்.

இந்தத் திங்கட்கிழமை அவள் தனியாகப் போகிறாள். சீட்டு எழுதி, பணம் எண்ணி வைத்துவிட்டேன். குண்டு மிளகாய் 5 கிலோவும் சீட்டில் இருக்கிறது. மிளகாயை எப்படிப் பார்ப்பது என்று அவளுக்கு நான் சொல்லவில்லை.