மதுரையிலிருந்து போய்வரும் தூரத்தில் புலி பார்க்க முடியுமா?

பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போக மதுரைக்குப் பக்கத்தில் புலிகள் காப்பகம் இருக்கிறதா, போனால் புலியைப் பார்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: பார்க்க முடியும் என்று நம்பிப் போகாதீர்கள். ஆறு முறை போயிருக்கிறேன், ஒருமுறைகூடக் கண்ணில் படவில்லை. புலியின் முகத்தைப் பார்த்தே தீர வேண்டும் என்றால் வண்டலூருக்கு ரயில் ஏறுங்கள்.

முதல் கேள்விக்கு வருகிறேன். ஒன்றல்ல, இரண்டு இருக்கின்றன. அதில் ஒன்றுக்கு உங்கள் வீட்டில் யாராவது ஏற்கெனவே போய்வந்திருப்பார்கள். ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி ஏறியவர்கள் உண்டா? தாணிப்பாறை அடிவாரத்தில் வனத்துறையினர் பையைக் கிளறி பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பார்ப்பார்களே, அங்கிருந்து மேலே புலிக்காடுதான். 2021 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் அது. நாட்டில் 51ஆவது, தமிழ்நாட்டில் ஐந்தாவது, பரப்பு ஆயிரம் சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல். நம் மாவட்டத்துச் சாப்டூர் காடும் அதில் சேர்ந்ததுதான். இதை என் மாமனாரிடம் சொன்னபோது, "முப்பது வருடமாக ஏறுகிறேன் மாப்பிள்ளை, மகாலிங்கம் இருக்கிற இடத்தில் புலி என்ன செய்யும்?" என்றார். புலித்தோலில் உட்கார்ந்திருக்கிற சாமியை நம்பிப் புலிக்காட்டுக்குள் போகிறவரிடம் என்ன வாதாடுவது?

ஆனால் சதுரகிரி சுற்றுலா இல்லை, கோயில் நடை. பிள்ளைகளோடு காடு பார்க்க வேண்டும் என்றால் தேக்கடிதான். ஆரப்பாளையத்தில் குமுளி பஸ் ஏறினால் உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி, கம்பம் வழியாக நான்கு மணி நேரம், ஏறக்குறைய 140 கிலோமீட்டர். எல்லை தாண்டியதும் கேரளம். தேக்கடியைச் சுற்றியுள்ள காடுதான் பெரியாறு, அது 1978இல் புலிகள் காப்பகமானது. மொத்தம் 925 சதுர கிலோமீட்டர், அதற்குள் 350 சதுர கிலோமீட்டர் தேசியப் பூங்கா.

முதல் முறை போனபோது ஏமாந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். குமுளியில் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே ஒருவர் ஜீப் பயணம் என்று பிடித்துக்கொண்டார். புலி தண்ணீர் குடிக்க வரும் இடத்தைக் காட்டுவதாகச் சொன்னார். இரண்டு மணி நேரம் ஏலத்தோட்டத்துக்குள் குலுக்கி எடுத்துவிட்டு, ஒரு சிமெண்ட் தொட்டியைக் காட்டி, "இங்கேதான் வரும்" என்றார். தொட்டியில் தண்ணீரே இல்லை. வனத்துறையின் சொந்த நிகழ்ச்சிகளுக்கு மட்டும் பணம் கட்டுங்கள். மற்றவை பெரும்பாலும் காட்டுக்கு வெளியே சுற்றுகிற வண்டிகள்.

படகு எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஏரியில் நூறாண்டுக்கு மேல் நிற்கும் பட்டமரங்களின் மேல் நீர்க்காகம் சிறகை விரித்துக் காய்ந்துகொண்டிருக்கும். கரையில் மிளா, காட்டுமாடு, பன்றி நிற்கும். யானையை நான் இரண்டு முறை பார்த்தேன். காலை முதல் படகுக்குப் போனால் ஏதாவது கண்ணில் படும், நண்பகல் படகில் சக பயணிகளைத்தான் பார்க்கலாம். மிதவை அங்கியைப் படகு கரை சேரும்வரை கழற்றாதீர்கள். 2009 செப்டம்பர் 30ஆம் தேதி இதே ஏரியில் இரட்டை அடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் விலங்கு தெரிந்தாலும் இருக்கையை விட்டு எழாதீர்கள்.

என்னைக் கேட்டால் படகைவிட நடைதான். வனத்துறையிடம் டிக்கெட் வாங்கி வழிகாட்டியோடு மூன்று மணி நேரம் காட்டுக்குள் நடக்கலாம். கிளம்பும்போது முழங்கால்வரை தடித்த துணி உறை மாட்டி, அதன்மேல் மூக்குப்பொடி தூவிவிடுகிறார்கள், அட்டை ஏறாமல் இருக்க. என் மகளுக்கு அப்போது பத்து வயது. அட்டைக்கு மூக்கு இருக்கிறதா, பொடி போட்டால் தும்முமா என்று வழி முழுக்கக் கேட்டுக்கொண்டே வந்தாள். கடைசியில் வழிகாட்டி உதட்டில் விரல் வைத்து அவளை நிறுத்தினார்.

மன்னான் சமூகத்துக்காரர் அவர். நாங்கள் நின்ற இடத்தில் ஒன்றுமே இல்லை. ஓடை ஓரத்துச் சேறு, அவ்வளவுதான். அவர் குந்தி உட்கார்ந்து ஒரு குச்சியால் சுற்றிக் காட்டிய பிறகுதான் தெரிந்தது. அகன்ற ஒரு தடம், முன்னால் நான்கு விரல். உள்ளங்காலின் பின்விளிம்பு மூன்றாகப் பிரிந்திருந்தது. நகம் பதியவே இல்லை, பூனைக் குடும்பம் நகத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நடக்கும். நான்கடி தள்ளி இருந்த செந்நாய்த் தடத்தில் நகம் குத்திய புள்ளிகள் தெளிவாகத் தெரிந்தன. புலித் தடத்தின் ஓரம் இன்னும் உடையவில்லை. அதன் குழிக்குள் தண்ணீர் மெதுவாக ஊறிக்கொண்டிருந்தது. "இரவு மழை விட்டது மூன்று மணிக்கு. இது அதற்குப் பிறகு போயிருக்கிறது" என்றார். மகள் தடத்துக்குப் பக்கத்தில் தன் கையை விரித்து வைத்துப் பார்த்தாள். அவள் கை முழுவதும் அதற்குள் அடங்கிவிடும். அதன்பிறகு திரும்பி வரும்வரை அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மலைச்சரிவில் கருமந்தி ஒன்று கத்தியபோது மட்டும் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

எத்தனை வருடமாகக் காட்டில் இருக்கிறீர்கள், எத்தனை முறை புலியைப் பார்த்தீர்கள் என்று அவரிடம் கேட்டேன். விரல் விட்டு எண்ணினார், ஒரு கை போதுமாக இருந்தது. வட இந்தியக் காடுகள்போலப் புல்வெளியில் அது குறுக்கே நடந்து போகாது. இது அடர்ந்த மலைக்காடு, பத்தடி தள்ளிப் படுத்திருந்தாலும் தெரியாது. ஒருகாலத்தில் இந்தத் தடங்களை வைத்துத்தான் புலிகளை எண்ணினார்களாம். இப்போது தானியங்கிக் கேமராக்கள். நம் கைரேகைபோல ஒவ்வொரு புலிக்கும் வரி வேறு, படத்தை ஒப்பிட்டு எண்ணிவிடலாம். அப்படி எண்ணத் தொடங்கிய 2006இல் தமிழ்நாட்டில் 76 என்று மதிப்பிட்டார்கள், 2022இல் 306. நாடு முழுவதும் 1,411 என்று இருந்தது 3,682 ஆனது. எல்லாம் கெட்டுப்போகிறது என்று புலம்புகிற என் நண்பர்களுக்கு இந்தக் கணக்கை அடிக்கடி சொல்வேன். நம்ப மாட்டார்கள்.

இரவு தங்கி நடக்கிற மலையேற்றமும் உண்டு. அதில் வழிகாட்டிகளாக வருபவர்கள் முன்பு இதே காட்டில் திருட்டு வேட்டையாடியும் மரப்பட்டை உரித்தும் பிழைத்தவர்கள். வனத்துறை அவர்களையே காவலுக்கு எடுத்துக்கொண்டது. துப்பாக்கி ஏந்திய காவலர் ஒருவரும் கூட வருவார். பிள்ளைகள் வளர்ந்த பிறகு அதற்குப் போகலாம். சபரிமலை சீசனில், கார்த்திகை மார்கழியில், குமுளிப் பக்கமே தலைவைக்காதீர்கள். வார நாளில் போங்கள், நடைக்கு முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். சொந்த வண்டி என்றால் வெளியே ஆனவச்சால் மைதானத்தில் நிறுத்திவிட்டு வனத்துறை பஸ்ஸில்தான் படகுத்துறைக்குப் போக வேண்டும்.

திரும்பும்போது மலைப்பாதையில் ஜன்னலோரம் உட்காருங்கள். லோயர் கேம்ப் இறங்கும் வழியில் மலையிலிருந்து பெரிய குழாய்கள் வரிசையாகக் கீழே இறங்குவது தெரியும். 1895இல் பென்னிகுவிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர் அது. மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய தண்ணீர் இங்கே மின்சாரம் தந்துவிட்டு, வைகைக்கு வந்து, நம் வீட்டுக் குழாய்க்கும் வருகிறது. "அந்த ஓடையும் இதில் சேருமா?" என்று மகள் கேட்டாள். சேரும் என்றேன். "அப்படியென்றால் நாம் புலி கால் கழுவிய தண்ணீரைத்தான் குடிக்கிறோமா?" என்றாள். கொதிக்க வைத்துத்தானே குடிக்கிறோம் என்று அவள் அம்மா சமாளித்தாள்.

இன்னொரு வழியும் இருக்கிறது, வருடத்தில் ஒரே ஒரு நாள். மதுரையை எரித்துவிட்டு மேற்கே நடந்த கண்ணகி, மலையேறி வேங்கை மரத்தின் அடியில் நின்றாள் அல்லவா? அவளுடைய மங்கலதேவி கோயில் இந்தப் புலிகள் காப்பகத்துக்குள்தான் இருக்கிறது. சித்ரா பௌர்ணமிக்கு மட்டும் திறப்பார்கள். குமுளியிலிருந்து ஜீப் போகும், கூடலூரை அடுத்த பளியங்குடியிலிருந்து நடந்தும் ஏறுவார்கள். சிக்கல் என்னவென்றால், அந்த நாளில்தான் இங்கே அழகர் ஆற்றில் இறங்குகிறார். மாமனார் அழகரை விட்டு நகர மாட்டார். மகள் இந்த வருடம் கண்ணகிதான் என்கிறாள். எங்கள் வீட்டில் இன்னும் முடிவாகவில்லை.